கடைசற் பட்டறையும் கலைப்பட்டதாரியும்

தமிழிலே ‘கடைந்தெடுத்த’ என்றோர் அடைமொழி உண்டு. கடைந்தெடுத்த முட்டாள், கடைந்தெடுத்த கயவன் என ஒருவரை முற்றாக இகழ வேண்டியவிடத்து அதனைக் கையாளுகின்றோம். தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுப்பதையோ, மரத்தைக் கடைந்து வடிவம் எடுப்பதையோ, எதனைக் கருதி அத்தொடர் எழுந்திருப்பினும், குறை சிறிதுமின்றி முற்றுப்பெற்றது என்பதே அதன் கருத்தாதல் வேண்டும். அத்துணை நிறைவான வேலையைச் சுட்டும் சொல் எமது நாவிலே பெரும்பாலும் வசையாகவே வழங்குகின்றது. இது மொழியின் தற்செயலான விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாம். ஆயின், கடைசல் பழகப் போன ஒரு கலைப்பீட மாணவனுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்க்குமிடத்து, சொல்லில் நிகழ்ந்தது சமூகத்திலும் நிகழ்ந்தே இருக்கின்றது என்று துணிய வேண்டியுள்ளது.

அம்மாணவன் நானே. கடந்த இரண்டு ஆண்டுகளாக விடுமுறைக்கு யாழ்ப்பாணம் செல்லும்போதெல்லாம், அயற்கிராமத்துக் கடைசற் பட்டறை ஒன்றிலே காலை வேளைகளைக் கழித்து வருகின்றேன். கட்டிற்கால், தொட்டிற்கால், மாடிப்படிக்குரிய சிறு தூண்கள், மத்து ஆகியன அங்கே கடையப்படுகின்றன. பட்டறைக்குரிய முதியவர் எனக்குக் கற்பிப்பதற்கு நாட்கூலி பெறுகின்றார். கெடுத்த மரத்துக்கு வேறாகப் பணம் கொடுக்கின்றேன். நான் இத்தொழிலை மேற்கொள்ளப் போவதில்லை. பட்டம் பெற்றபின் என் தோழர்களைப் போன்று நானும் நியமனத்துக்குக் காத்திருப்பேன். பொழுதுபோக்காகவே பழகுகின்றேன். இந்த எளிய செய்தி மூன்று திசைகளிலிருந்து கண்டனங்களைக் கொணர்ந்தது. அவற்றுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். நான்காவது கண்டனமொன்று உண்டு. அது பட்டறைக்காரரே கூறியது. அதற்கு மட்டும் என்னிடம் முழுமையான விடையில்லை.

1

கண்டனங்களை ஆராய்வதற்கு முன்னர், கண்டிக்கப்படும் பொருள் யாதென்று அறிதல் முறை. தச்சு வேலையிலே மரம் கிடக்க, உளி நகர்கின்றது. கடைசலிலோ உளி நிலைத்திருக்க, மரம் சுழல்கின்றது. வேறுபாடு இவ்வளவே, ஆயின் இவ்வளவே எல்லாவற்றையும் மாற்றிவிடுகின்றது. நிலையாகக் கிடக்கும் மரத்தில் தவறு செய்தவன் நிறுத்தி யோசிக்கலாம். ஒரு நிமிடத்துக்கு ஆயிரம் முறை சுற்றும் மரம் யோசிக்க இடந்தராது.

கட்டை இரு முனைகளுக்கிடையே பூட்டப்படுகின்றது. அதற்கு அண்மையில் உளி தாங்கும் இரும்புத் தாங்கி நிற்கின்றது. புதிதாகப் பழகுபவன் உளியின் கூரை நேரே மரத்துக்குக் கொண்டு செல்வான். அக்கணமே உளி கொளுவும். கட்டை பிளக்கும், அல்லது பூட்டிலிருந்து பாயும். முறை வேறு. முதலில் உளி தாங்கியைத் தொட வேண்டும். அடுத்து உளியின் சரிந்த முதுகு சுழலும் மரத்தில் வெறுமனே உராய வேண்டும். அதன் பின்னரே கைபிடியை மெல்ல உயர்த்திக் கூர் மரத்தைக் கடிக்கச் செய்தல் வேண்டும். நீண்ட கட்டையிலே பருத்த இடத்திலிருந்து சிறுத்த இடத்துக்கே வெட்ட வேண்டும். எதிர்த்திசையிற் சென்றால் நார் கிளம்பும். இவற்றை ஒரு தாளில் எழுதி ஐந்து நிமிடத்திலே மனனஞ் செய்யலாம். நானும் செய்தேன். பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்து பழகிய மூளைக்கு அது கடினமன்று. அடுத்த நாள் எட்டுக் கட்டைகளைக் கெடுத்தேன்.

“தம்பி, மரத்தைப் பாராதையும், சத்தத்தைக் கேளும்” என்றார் முதியவர். கூர் மழுங்கும்போதும், உட்புறம் வெடிப்பு இருக்கும்போதும், உளி கொளுவப் போகும்போதும் ஓசை முன்னரே மாறுகின்றது. அம்மாற்றத்தை என் செவி பிரித்தறிய ஒரு முழு விடுமுறை சென்றது. பதினேழு ஆண்டுகள் கற்றவன் ஒருவன், கற்றல் என்றால் என்ன என்பதை அன்றுதான் ஐயுறத் தொடங்கினான்.

மரமும் சும்மா கிடக்கும் பொருளன்று. ஈரமரத்திலே கிண்ணம் கடைந்தால், உலரும்போது வட்டம் நீள்வட்டமாகின்றது. மரம் நீளவாட்டில் அரிதாகவே சுருங்கும். குறுக்குவாட்டிலோ கணிசமாகச் சுருங்கும். குறுக்கிலும் ஆண்டுவளையங்களின் வழியே சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதிலும் ஏறத்தாழ இருமடங்கு. ஆதலால், 10 அங்குல அகலக் கிண்ணத்தை முதலில் 1 அங்குலத் தடிப்பிலே பருமட்டாகக் கடைந்து, மாதக்கணக்கில் உலரவிட்டு, அது கோணியபின் மீண்டும் கடைகின்றனர். பொருள் தன் இயல்பில் மாறுவதற்கு இடம் விட்டு, பின்னர் அதனைத் திருத்துதல் என்னும் இச்சிந்தனை, நாம் வாசிக்கும் சமூகவியல் நூல்கள் பலவற்றிலும் காணக்கிடையாத நுட்பமுடையது.

2

முதலாவது கண்டனம் உறவினருடையது. என் மாமா சொன்னார்: “படிக்கிற பிள்ளைக்கு என்னத்துக்கு உந்த வேலை?” இலக்கண ஆசிரியர்கள் எமது பேச்சு வழக்கிலே உகரச் சுட்டு இன்றும் வாழ்கின்றதென்று பெருமையுடன் எடுத்துக்காட்டுவர். இங்கு அச்சுட்டு ஒரு வேலியாக நின்றது. ‘உந்த’ என்ற சொல்லுக்கு அப்பால் ஒரு வேலையும், அதனைச் செய்யும் ஒரு குடியும் நிறுத்தப்பட்டிருந்தன. சான்றிதழ் கிடையாது, வருமானம் கிடையாது, நேர விரயம் என்றெல்லாம் மாமா பின்னர் கூறிய நியாயங்கள் அவ்வேலியின் மேற் போட்ட ஓலைகளே. நான் கிரிக்கெட் ஆடியபோதும், இரவிரவாகத் திரைப்படம் பார்த்தபோதும் அவர் சான்றிதழ் கேட்கவில்லை.

கையால் உழைப்பது கல்விக்கு இழுக்கென்ற எண்ணம் எமது சமூகத்திலே பிறப்பால் தொழில் வகுத்த முறையினின்று வந்தது. குடியேற்ற ஆட்சிக் காலத்து ஆங்கிலக் கல்வி அதனை உடைக்கவில்லை. எழுதுகோலையும் உத்தியோகத்தையும் ஒரு பக்கம் வைத்து, அதற்குப் புதுக் காவல் போட்டது. கோயில் வீதியிலே நாதசுரக் கச்சேரி கேட்டு விடியும்வரை தலையசைக்கும் எம்மில் எத்தனை பேர், அக்குழல் ஒரு கடைசற்காரனின் கையிலிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்திருக்கின்றோம்? ஆச்சா மரத்தைக் கடைந்து நாதசுரம் செய்வதிலே தஞ்சை நாட்டு நரசிங்கம்பேட்டை பேர்பெற்றது. வித்துவான்களின் பெயர்கள் எமக்கு மனப்பாடம். குழல் கடைந்தவரின் பெயரைக் கேட்டவர் எம்மில் அரியர்.

இவ்விடத்திலே ஒரு மறுப்பு எழலாம். கைத்தொழிலைக் கல்வியுடன் சேர்க்கும் முயற்சி இந்நாட்டிற் புதியதன்றே. அதனை மக்களே புறக்கணித்தனர் அல்லவா? உண்மை. 1943 ஆம் ஆண்டின் கன்னங்கரா அறிக்கை ஏட்டுக்கல்வி, தொழில்நுட்பக்கல்வி, செய்முறைக்கல்வி என மூவகைப் பாடசாலைகளைப் பரிந்துரைத்தது. பெற்றோர் ஏட்டுக்கல்வியையே நாடினர். 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழின்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது; 1977 இல் ஆட்சி மாறியபின் அவை கைவிடப்பட்டன. ஆயின் இதிலிருந்து மக்கள் உழைப்பை வெறுத்தனர் என்று முடிவு கட்டுதல் தவறு. வறிய பிள்ளைக்கு உளியும், வசதியுள்ள பிள்ளைக்கு மருத்துவபீடமும் என்ற பங்கீட்டையே அவர்கள் இனங்கண்டு மறுத்தனர். அவர்கள் மறுத்தது சரியே. உளியைப் பட்டதாரியின் கையிலும் கொடுங்கள். அதன்பின் அது தண்டனையா கல்வியா என்று கேட்போம்.

3

இரண்டாவது கண்டனம் விடுதி நண்பனுடையது. அவன் முற்போக்காளன், என் மதிப்புக்குரியவன். “உழைப்பாளிக்கு வியர்வை, உனக்கு விளையாட்டு. ஓய்வுள்ள வர்க்கத்தின் பொழுதுபோக்குக்கு ஏன் தத்துவம் பேசுகின்றாய்?” என்றான்.

வரலாறு அவன் பக்கம் சாட்சி சொல்லத்தான் செய்கின்றது. எகிப்திலே கி.மு. 300 அளவில் எழுந்த பெத்தோசிரிசின் கல்லறையிலே ஒரு கடைசற் பொறி சித்திரிக்கப்பட்டுள்ளது. ஒருவன் கயிற்றை மாறிமாறி இழுக்கின்றான். மற்றவன் உளி பிடிக்கின்றான். எமது வீட்டு மத்தும் கயிறும் அதே தத்துவந்தான். கடைதல் என்ற ஒரே வினை இரண்டுக்கும் பொருந்துவது வியப்பன்று. ஆயின் ஐரோப்பாவிலே இத்தொழில் அரண்மனைக்குள்ளும் புகுந்தது. ரஷ்யப் பேரரசர் முதலாம் பீற்றர் கடைசலில் மோகங் கொண்டவர். அந்திரேய் நார்த்தோவ் என்னும் பொறிவல்லுநர் அவருக்காக அரிய பொறிகளை அமைத்தார். தன் தலைநகரை எழுப்புவதற்காகக் குடியானவர்களைக் கட்டாய வேலைக்குச் சேற்றுநிலத்தில் இறக்கிய அதே மன்னர், மாளிகையினுள் யானைத்தந்தம் கடைந்து களித்தார். பொழுதுபோக்கு மனிதனைத் தானாகவே திருத்திவிடும் என்று கூறுவோர்க்கு இவ்வொரு சான்று போதும்.

ஆயினும் சாட்சி இத்துடன் முடியவில்லை. கடைசலைப் பற்றி முதன்முதல் விரிவான அச்சுநூலை எழுதியவர் தொழிலாளியுமல்லர், அரசருமல்லர். சாள்ஸ் புளூமியே என்னும் பிரெஞ்சுத் துறவி அதனை 1701 இலே லியோன் நகரில் வெளியிட்டார். அவர் தாவரவியலாளருமாவார், எமது கோயில் முற்றங்களிலே பூச்சொரியும் ஈழத்தலரியின் இனத்துக்குப் புளுமேரியா என்ற பெயர் அவர் நினைவாகவே வந்தது. கைமாறிக் கைமாறி வந்த அறிவை ஏட்டில் ஏற்றியவர் இவ்வாறு விரும்பிப் பழகிய ஒருவர்.

இன்னொரு சான்று இதனினும் வலியது. இங்கிலாந்தின் பேர்க்ஷயர்ப் பகுதியிலே பக்கிள்பெரி என்னுமிடத்தில் ஜோர்ஜ் லெய்லி என்றொருவர் வாழ்ந்தார். வளையும் கழியிற் கயிறு கட்டிக் காலால் மிதித்து இயக்கும் பழைய பொறியிலே, எல்ம் மரத்தின் ஒரே துண்டிலிருந்து ஒன்றினுள் ஒன்றாக அடங்கும் கிண்ணங்களைக் கடைந்தெடுத்தவர். 1958 இல் அவர் இறந்தபோது அவ்வழியைத் தொடர எவரும் இருக்கவில்லை. பொறியும் உளிகளும் ரெடிங் நகர அரும்பொருளகத்துக்குச் சென்றன. 1990 களிலே ரொபின் வூட் என்பவர் அப்பொறியையும் உளிகளையும் ஆராய்ந்து, தாமே செய்து பார்த்து, அக்கலையை மீட்டார். சந்தை கைவிட்டதை ஆர்வம் மீட்டது. ஆனால் எவ்வளவு வீண்சுற்று! லெய்லி உயிருடன் இருந்தபோது யாரேனும் இரண்டு கோடைகாலம் அருகில் நின்று பழகியிருப்பின், இரும்பைப் பார்த்து ஊகிக்க வேண்டியதைக் காதாற் கேட்டிருக்கலாம். எமது பட்டறைகளிலே முதியவர்கள் இன்னும் இருக்கின்றனர். அரும்பொருளகம் வரும்வரை காத்திருப்பதா முற்போக்கு?

ஓய்வு சிலருக்கே கிடைக்கின்றது என்பது உண்மை. அதற்கு விடை, எல்லோருக்கும் ஓய்வு வேண்டுமென்று போராடுவதேயன்றி, கிடைத்த ஓய்வைப் பயனின்றிக் கழிப்பதன்று. ஒரு மனிதன் ஒரு தொழிலுக்குள் வாழ்நாள் முழுதும் சிறைப்படாத சமுதாயத்தை இளைஞரான மார்க்சும் எங்கெல்சும் கற்பனை செய்தனர். அதனைப் பாடமாகக் கற்கும் நண்பன், எழுதுகோல் பிடிப்பவன் உளி பிடித்தல் ஆகாது என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்?

4

மூன்றாவது, கண்டனம் என்பதிலும் பாராட்டு என்பதே பொருந்தும். எனினும் மூன்றிலும் தீங்கானது இதுவே. கலாரசிகர் சிலர், கைவினை ஒரு தியானம், பட்டறை ஒரு கோயில், நம் முன்னோர் தொழிலை வழிபாடாகச் செய்தனர் என்று மெய்சிலிர்க்கின்றனர். இந்நோக்குக்கு இந்நாட்டிலே பெரும் அறிஞர் ஒருவரின் ஆதரவு உண்டு. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலிலே, கண்டி நாட்டுக் கைவினைஞரின் கருவிகளையும் முறைகளையும் வேறெவரும் செய்யாத வகையிற் பதிவு செய்தார். அப்பதிவுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள்.

அவர் விவரித்த அரக்குக் கடைசல் இன்றும் வியப்பூட்டுவது. சுழலும் மரத்திலே அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் வெப்பமே அரக்கை உருக்கி மரத்தில் ஏற்றுகின்றது. உலர்ந்த ஓலையால் அழுத்தி மெருகூட்டுகின்றனர். மாத்தளைப் பக்கத்து ஹபுவிதக் கிராமத்தார், இளகிய அரக்கை நூலாக இழுத்து நகத்தாற் கிள்ளிப் பதிக்கும் நகவேலைக்குப் பேர்பெற்றவர்கள். பேராதனையிலிருந்து அது தொலைவன்று.

ஆயின் குமாரசுவாமி கைவினையைப் போற்றியதோடு நில்லாது, அதனைப் பரம்பரைத் தொழிலாகக் காத்த குல அமைப்பையும் போற்றினார். இங்கேதான் நாம் அவருடன் முரண்பட வேண்டும். பிறப்பினால் ஒருவன் மேற் சுமத்தப்பட்டதை, அச்சுமை தன்மேற் சுமத்தப்படாத ஒருவர் அறம் என்று புகழ்வது எளிது. பட்டறையில் தியானம் உண்டோ என்று நானறியேன். தூசு உண்டு, அது நெஞ்சுக்குள் இறங்குகின்றது. நாளுக்கு நாற்பது தூண்கள், நாற்பதும் ஒரே அளவில், குறித்த தவணையில் கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளில் நான் முடித்தவை இரண்டு மத்துகளும் ஒரு முக்காலியுமே. முக்காலியின் மூன்று கால்களும் மூன்று பருமனின. ஒரு காலை அழகாகக் கடைவது பொழுதுபோக்குக்காரனின் வெற்றி. மூன்றாவது காலை முதலாவதைப் போலக் கடைவது தொழிலாளியின் அன்றாடம். இவ்விரண்டுக்குமிடையிலுள்ள தூரத்தை என் கை அளந்து பார்த்திருக்கின்றது. புகழ்பாடுவோர் அதனை அளந்ததில்லை.

5

நான்காவது கண்டனத்துக்கு வருகின்றேன். முதியவருக்கு ஒரு மகன் உண்டு; உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கின்றான். பட்டறைப் பக்கம் அவனை அவர் வரவிடுவதில்லை. ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, ஏன் அவனுக்குப் பழக்குவதில்லை என்று கேட்டேன். அவர் உளியைத் தீட்டியவாறே சொன்னார்: “நீர் வந்தால் ஆசையெண்டு சொல்லுவினம், தம்பி. அவன் வந்தால் சாதியெண்டு சொல்லுவினம்.”

நான் மறுமொழி கூறவில்லை. நான் விரும்பிச் செல்லும் இடத்திலிருந்து தப்பிச் செல்வதற்காகவே அவர் மகனைப் படிப்பிக்கின்றார். நான் விட்டுவிட்டு வரும் விரிவுரை மண்டபமே அவனுடைய விடுதலை. ஒரே ஒழுங்கையிலே இருவரும் எதிரெதிராக நடக்கின்றோம். எனக்குத் திரும்பிவர வழியுண்டு, அவனுக்கு இல்லை. பொழுதுபோக்கின் சார்பில் நான் மேலே அடுக்கிய நியாயங்கள் யாவும் இந்த ஒரு வாக்கியத்தின் முன் சிறுத்துப் போகின்றன என்பதை ஒப்புக்கொள்கின்றேன்.

எனினும் அவர் கூற்று என்னைப் பட்டறையிலிருந்து விலகச் சொல்லவில்லை. ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவனுக்கு ஆசை என்றும் மற்றவனுக்குச் சாதி என்றும் பெயரிடும் கண்ணையே அவர் குற்றஞ் சாட்டினார். அக்கண் எம்முடையது, பல்கலைக்கழகத்தினுடையதுமாகும். கட்டுரையாற் கண்டித்து அதனை மாற்ற முடியாது. பலரும், பல குடியினரும், பல பீடத்தினரும் அவ்வேலையைக் கற்று, கற்பித்தவரை ஆசிரியர் என்று பலர் முன்னிலையில் அழைக்கும்போதே அது மெல்ல மாறும்.

ஆகவே இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கின்றேன். முதலாவது, என்போன்று விரும்பிப் பழகுவோரிடம். கற்பித்தவருக்குக் கூலி கொடுங்கள். இலவசமாகக் கற்பது அன்பன்று, சுரண்டல். நீங்கள் கடைந்ததை அவர் விலைக்குக் குறைத்து ஒருபோதும் விற்காதீர்கள். உமக்கு அது கைச்செலவு. அவருக்கு அது உலைநீர்.

இரண்டாவது, தமிழ்ச்சங்கத்திடமும் கலைப்பீடத்திடமும். ஆண்டுதோறும் விழா எடுத்து, கைவினைஞர் ஒருவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, உரையாற்ற விடாமலே வீட்டுக்கு அனுப்புகின்றோம். அப்பொன்னாடை வேண்டாம். வளாகத்தின் ஒரு மூலையிலே இரண்டு கடைசற் பொறிகளை நிறுத்துவோம். அயலூர்க் கடைசற்காரர் ஒருவரை வாரத்தில் ஒருநாள் கற்பிக்க அழைத்து, வருகைதரு விரிவுரையாளருக்குரிய அதே கொடுப்பனவை அவருக்கும் வழங்குவோம். புள்ளியும் சான்றிதழும் தேவையில்லை. விரும்பிய மாணவர் வரட்டும். முதல் வாரத்திலே எட்டுக் கட்டைகளைக் கெடுக்கட்டும்.

பொறி வாங்கப் பணமில்லை என்பது விடையாகாது. விழாக் கணக்கை எடுத்துப் பார்த்தால் பணம் எங்கே போகின்றது என்பது தெரியும். கொடுப்பனவுப் பட்டியலிலே கலாநிதிகளின் பெயர்களுக்குக் கீழே ஒரு கடைசற்காரரின் பெயரை எழுத எமது கை கூசுமா என்பதே கேள்வி. கூசுமாயின், சமத்துவம் பற்றி இவ்விதழிலே ஆண்டுதோறும் நாம் எழுதிவரும் கட்டுரைகளை நிறுத்திக்கொள்வது நேர்மையாகும். கூசாதாயின், அடுத்த தவணை தொடங்குவதற்கு முன்னர் அப்பெயரை எழுதுவோம்.